பங்குனி ஆமை, தை மாதம்

போகிக்கு முந்தின நாள், காலை ஆறரை.

எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபத்தைத் தாண்டி, ஊரூர் குப்பம் பக்கமாக நடந்தேன். வழியில் மூன்று ஆமைகள். முதலாவது ஒருக்களித்துக் கிடந்தது. ஒரு பக்கத் துடுப்பு மணலுக்குள் புதைந்திருக்க, மறுபக்கத் துடுப்பை ஒவ்வொரு அலையும் தூக்கித் தூக்கிப் போட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் உயிரோடு அசைவதுபோலத் தெரியும். அதனால்தான் ஓடிப்போனேன்.

ஓட்டின் நீளம் இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். எடை நாற்பது கிலோ இருக்கும். வால் குட்டையாக ஓட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தது. பெட்டை. கிடாவாக இருந்தால் வால் நீண்டு வெளியே தெரியும். ஓட்டின் மேல் சிவப்புச் சாயத்தில் ஒரு பெரிய கோடு. யாரோ ஏற்கெனவே எண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள். எண்ணியதையே மறுபடி எண்ணிவிடாமல் இருக்க இப்படிச் சாயம் அடிப்பது வழக்கம்.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார்.

“கழுத்தப் பாரும்மா. வீங்கிக்கீது. கண்ணு ரெண்டும் வெளிய தள்ளிக்கீது. நோவு வந்து செத்தா இப்டி இருக்காது. மூச்சு முட்டிச் செத்தது இது.”

“வலையிலயாண்ணா?”

“லாஞ்சு மடியில. நம்ம வலையிலயும் மாட்டும், இல்லன்னு சொல்லல. உசுரோட இருந்தா வலைய அறுத்து உட்ருவோம். வலை போனாப் போவுது. எங்கம்மா இருந்தப்போ மஞ்சத் தண்ணி ஊத்தி உடச் சொல்லும்.”

அவர் குனிந்து அதன் வாயைத் திறந்து காட்டினார். நுரை.

*

பத்திரிகைகளில் ‘கரை ஒதுங்கின’ என்று வருகிறது. தானாகவே வந்து ஒதுங்கியதுபோல. இறந்த ஆமை முதலில் கடலுக்கு அடியில் போய்விடும். உள்ளே அழுகி, வாயு சேர்ந்து உடல் உப்பிய பிறகுதான் மேலே வரும். அப்புறம் காற்றும் நீரோட்டமும் எங்கே தள்ளுகின்றனவோ அங்கே போகும். ஆகவே ஊரூரில் இன்று கிடப்பது இன்று செத்ததில்லை, ஊரூருக்கு நேராகச் செத்ததும் இல்லை. பல நாளைக்கு முன், எங்கோ ஒரு வலை மேலே ஏறியபோது செத்தது. கரைக்கு வருவது சிறு பங்குதான். நீரோட்டம் வெளியே இழுத்துக்கொண்டு போனவை யார் கணக்கிலும் வராது.

ஜனவரி 2025-இல் சென்னையை ஒட்டிய கரையில் ஒதுங்கியவை, மாதம் முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. மெரினா, பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை, கோவளம். நான் இந்தக் கரையில் இருபது வருடமாக நடக்கிறேன். ஒவ்வொரு பருவத்திலும் செத்த ஆமையைப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை.

*

ஆமை மீனில்லை. அதற்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். நிம்மதியாக இரை மேயும்போது நெடுநேரம் மூச்சை அடக்கிக்கொண்டு நீருக்கடியில் இருக்கும். பயந்து துடுப்பை அடித்துப் போராடத் தொடங்கினால், சேர்த்து வைத்திருக்கும் பிராணவாயு சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. மடிவலையை விசைப்படகு (பெரியவர் சொன்ன லாஞ்சு) இழுத்துக்கொண்டு போகும்போது, அதன் வாய்க்கு முன்னால் ஆமை கொஞ்ச நேரம் நீந்திப் பார்க்கும். களைத்துப் போனால் உள்ளே போய்விடும். ஒரு இழுவை ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் சாவு வேகமாகக் கூடுகிறது. இங்கே இழுவைகள் பல மணி நேரம் நீள்கின்றன.

இன்னொன்றும் உண்டு. வலையைத் தூக்கும்போது அசையாமல் கிடக்கும் ஆமை எல்லாம் செத்த ஆமை இல்லை. சில மயங்கிக் கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்து அப்படியே கடலில் வீசினால் அது மூழ்கியே சாகும். பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, நிழலில், ஈரத்துணி போட்டு, படகிலேயே சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் வரை வைத்திருந்தால் நுரையீரலில் இருக்கும் தண்ணீர் வடிந்து பிழைத்துக்கொள்ளும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு கோணிச் சாக்கும் தளத்தில் கொஞ்சம் இடமும் போதும். ஒவ்வொரு படகிலும் இதைப் படமாக வரைந்து ஒட்டலாம் என்று எழுதி வைக்கிறேன்.

இந்த ஜனவரியில் உடற்கூறு ஆய்வு செய்த கால்நடை மருத்துவர்கள் சொன்னதும் மூச்சுத்திணறல்தான். பெரியவர் கழுத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

*

காணும் பொங்கல்.

கடற்கரை முழுக்கக் கூட்டம். கரும்புச் சக்கை, சுண்டல் காகிதம், பலூன். அஷ்டலட்சுமி கோயில் பக்கம் கூட்டம் குறைந்த இடத்தில் ஒரு ஆமை. நாய்கள் பின்பக்கத்தைக் கிழித்திருந்தன. மணலில் முட்டைகள் சிதறிக் கிடந்தன. வெள்ளை உருண்டைகள், டேபிள் டென்னிஸ் பந்து அளவு, ஓடு தோல்போல மெத்தென்று. சில இன்னும் முழுசாக வெள்ளை ஏறாமல் மஞ்சளாக இருந்தன. ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று அதில் ஒன்றைக் கையில் எடுத்து, “இது பொரிக்குமாப்பா?” என்று கேட்டாள். அப்பா அவள் கையிலிருந்து அதைத் தட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போனார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பொரிக்காது. தாய் மணலேறிக் குழி பறித்து, இட்டு, மூடி, மேலே உடம்பைத் தட்டித் தட்டி இறுக்கிவிட்டுப் போன முட்டைதான் பொரிக்கும். ஒரு குழியில் நூறு, நூற்றிருபது. நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து நாள். மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

அந்த இடத்தில் பத்து நிமிடம் நின்று நாய்களை விரட்டிக்கொண்டிருந்தேன். பிறகு குப்பத்துப் பையன்கள் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து புதைத்தார்கள். யாரும் சொல்லாமலேயே வந்தார்கள்.

*

ஒரு கணக்கு.

கடலுக்குள் இறங்கும் குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து பெரிதாகும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் தோராயம். அந்த ஒன்று முட்டையிடும் பருவத்துக்கு வர பத்து வருடத்துக்கு மேல் ஆகும். 2024 பருவத்தில் தமிழ்நாடு முழுவதும் பொரிப்பகங்களிலிருந்து கடலில் விட்ட குஞ்சுகள் 2 லட்சத்துக்கு மேல். இரவெல்லாம் கண் விழித்து, நாய்க்கும் நரிக்கும் திருடருக்கும் முன்னால் கூட்டைக் கண்டுபிடித்து, பையில் எடுத்துவந்து, வேலிக்குள் புதைத்து, ஐம்பது நாள் காவல் காத்து விட்டவை. அந்தத் தோராயப்படி பார்த்தால் அவற்றில் இருநூறு பெரிதாகும்.

ஜனவரியில் இந்தக் கரையில் மட்டும் செத்தது ஆயிரம், பெரும்பாலும் வளர்ந்தவை. அப்படியென்றால், மாநிலமே சேர்ந்து ஐந்து பருவம் செய்த வேலை ஒரு மாதத்தில் போய்விட்டது. குஞ்சு விடுவது அழகான காட்சி, படம் எடுக்கிறோம், அமைச்சர்கள் வருகிறார்கள், குழந்தைகளைக் கூட்டிவருகிறோம். வேண்டும்தான். ஆனால் வளர்ந்த ஒரு பெட்டையை வலையிலிருந்து காப்பாற்றுவதற்கு அது ஈடாகாது. ஒரு பெட்டை இன்னும் எத்தனையோ வருடம் மணலேறும்.

*

சட்டம் இல்லாமல் இல்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த ஆமை முதல் பட்டியலில், புலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1983-இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரத்தை விசைப்படகுகளுக்குக் கிடையாது என்று சிறு படகுகளுக்கு ஒதுக்குகிறது. முட்டையிடும் இடங்களை ஒட்டிய கடலில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை கூடாது என்று 2016-இல் அரசாணை வந்தது. இந்த ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு வனத்துறையையும் மீன்வளத்துறையையும் கேள்வி கேட்டது. ஆணை இருந்தும் படகுகள் எப்படி உள்ளே வந்தன என்பதுதான் கேள்வி.

ஐந்து கடல் மைல் என்றால் ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். அலையோரம் நிற்கும் ஒருவரின் கண்ணுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே. அதற்கு அப்பால் போன படகின் அடிப்பாகம் நீருக்குக் கீழே மறைந்துவிடும், மேல்பாகம் மட்டும் தெரியும். ஆக, விசைப்படகின் அடியும் நீரும் தொடும் கோடு கண்ணுக்குத் தெரிந்தால் அது எல்லைக்குள் இருக்கிறது, வெகுவாகவே உள்ளே இருக்கிறது. கருவி வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம். இந்த மாதத்தில் நாலு காலை அந்தக் கோட்டைப் பார்த்தேன். இன்று காலை ஏழு மணிக்கு இரண்டு படகுகள். பின்னால் கயிறு இறங்கியிருந்தது.

*

காசிமேட்டு விசைப்படகுக்காரர்களைத் திட்டி எழுதிவிடுவது சுலபம். படகில் போகிறவர் படகுக்குச் சொந்தக்காரர் இல்லை. பங்குக் கூலி. டீசல் விலையில் தூரக் கடலுக்குப் போய் வெறும் மடியோடு திரும்பினால் பங்கு எதுவும் கிடைக்காது, கடன்தான் ஏறும். வடகிழக்குப் பருவமழை முடிந்து கலங்கல் தெளியும் நேரத்தில் இறாலும் மீனும் கரையோரம் இருக்கின்றன. ஆமையும் அதே இடத்தில், அதே வாரங்களில், இணைசேரக் கூடியிருக்கிறது. ஆமை வந்த வழியில் இறாலும் இருப்பதுதான் சிக்கல்.

இதனால் முதலில் அடிபடுவது ஊரூர், நொச்சிக்குப்பம் ஃபைபர் படகுக்காரர்கள். இரவில் விரித்த வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போய்விடும். அடிக்கடலைத் துடைத்தெடுத்த பிறகு குஞ்சு மீனும் மிஞ்சாது. செத்த ஆமை வலையில் வந்து மாட்டினால் வலையும் கிழியும். ஆமையைக் கொல்கிற அதே இழுவைதான் இவர்கள் சட்டியையும் காலி செய்கிறது. ஆமைக்காகப் பேசுகிறவர்கள் குப்பத்துப் பெண்களின் மீன்கூடையையும் சேர்த்துப் பேசினால்தான் கரை ஒரே குரலாகும்.

திருக்கை வலையையும் விட்டுவிடக் கூடாது. பெரிய கண்ணி, இரவெல்லாம் கடலில் நிற்கும். அதில் சிக்கிய ஆமைக்கும் மேலே வந்து மூச்செடுக்க வழியில்லை.

ஆமை தப்பும் கருவி என்று ஒன்று உண்டு. மடியின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். இறால் கம்பி இடைவெளியில் நுழைந்து பின்னால் போய்விடும், ஆமை சட்டத்தில் முட்டி மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். அமெரிக்கா 1980-களின் கடைசியிலேயே தன் இறால் படகுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி ஒன்று வடிவமைத்தது. கருவி பொருத்தாத படகின் கடல் இறால் வேண்டாம் என்று அமெரிக்கா 2019-இல் இந்தியாவிடம் வாங்குவதை நிறுத்தியது. மீனவர்களின் குறை, பெரிய மீனும் அந்தத் திறப்பு வழியாகப் போய்விடும் என்பது. நம் கரையில் இழுவலை இறாலுக்கு மட்டும் இல்லை, அகப்பட்டதெல்லாம் காசு. அதனால் அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. எனக்குத் தோன்றுவது: கம்பிச் சட்டம் பிறகு வரட்டும், முதலில் தூரம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒன்பது கிலோமீட்டருக்கு வெளியே நின்றால் போதும். அந்த மாதங்களுக்கு டீசலில் ஏதாவது ஈடு கொடுத்தே ஆக வேண்டும்.

*

வேறு சாவுகள். பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் 2019 அக்டோபரில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். அந்த வருடம் ஜனவரி 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. மாட்டின் பெருவயிற்றில் பை போய்விட்டால் செரிக்கவும் செரிக்காது, சாணமாக வெளியேயும் வராது. வயிறு நிறைந்தே இருப்பதால் மாடு தீனி எடுக்காது. பால் வற்றும். மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராய நகர் துணிக்கடைகளின் பின்சந்துகளிலும் குப்பைத் தொட்டியில் தலை விட்டு நிற்கும் மாடுகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 52 கிலோ நினைவுக்கு வரும்.

கிண்டி காட்டை ஒட்டிய வளாகங்களில் புள்ளிமான்கள். நாய் துரத்திச் சாவது ஒன்று, பை தின்று சாவது இன்னொன்று.

கபாலி கோயில் தெப்பக்குளத்தில் மீன் செத்து மிதந்த காலைகள். நீர் குறைந்த கோடையில், மேகமூட்டமான பகலுக்கு மறுநாள், நீரில் பிராணவாயு போதாமல் மொத்தமாகச் சாகும். பக்தியோடு மூட்டை மூட்டையாகப் போடும் பொரியும் அடியில் அழுகி அந்த வாயுவைத்தான் தின்கிறது. நானும் சின்ன வயதில் பாட்டியோடு போய்ப் பொரி போட்டிருக்கிறேன். இப்போது என் பேத்தியை ஒரு கைப்பிடியோடு நிறுத்திவிடுகிறேன்.

*

கரையில் கிடந்த இந்த ஆமைக்கு மீனவர்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. பெரிய பச்சை ஆமை பேராமை, அலகு கூரானது அழுங்காமை. பெயர் வைத்தவர் பருவத்தைக் கவனித்தே வைத்திருக்கிறார். மயிலாப்பூரில் அறுபத்துமூவர் பல்லக்கு மாடவீதி சுற்றும் அதே பங்குனியில், ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிழக்கே இது மணலேறும்.

அகநானூற்றின் 160-ஆம் பாட்டில் சூல்கொண்ட ஆமை அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் முட்டையைப் புதைக்கிறது, ஆண் ஆமை காவல் இருக்கிறது. உண்மையில் ஆண் ஆமை பிறந்து கடலில் இறங்கினால் பிறகு கரை ஏறுவதே இல்லை. அந்தக் காவல் மட்டும் கவியின் ஆசை. மற்றதெல்லாம் கண்ணால் பார்த்தவர் எழுத்து. நெய்தலில் நின்று பார்த்திருக்கிறார், அடும்பு நசுங்கியிருப்பதுவரை பார்த்திருக்கிறார். ‘ஆமை புகுந்த வீடு’ என்ற பழமொழியும் நம்மிடம்தான் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை.

*

சதீஷ் பாஸ்கரைப் பற்றி எழுதாமல் இந்தக் குறிப்பேடு முடியாது. சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்து, கிண்டி பாம்புப் பண்ணையில் ராமுலஸ் விட்டேக்கரோடு சேர்ந்து, கடலாமைக்கென்றே நடக்கத் தொடங்கியவர். 1970-களில் இந்தக் கரையில் இரவு நடையைத் தொடங்கியவர்களில் ஒருவர். இந்தியக் கரையில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத் தீவு ஒன்றில் மாதக்கணக்கில் தனியாகத் தங்கி ஆமைகளை எண்ணினார். அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து, அவர் மூலம் வீடு வந்து சேர்ந்தது. 2023-இல் காலமானார்.

அந்த நடையை 1988-இல் மாணவர்கள் அமைப்பாக எடுத்துக்கொண்டார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, பருவம் முழுக்க, இரவு முழுக்க. கையில் பெரிய விளக்கு இருக்காது. வெளிச்சம் பட்டால் தாய் திரும்பிவிடும், பொரித்த குஞ்சு கடலை விட்டுச் சாலை விளக்கைப் பார்த்து நடக்கும்.

*

பிப்ரவரி கடைசி.

ஒடிசாவின் ருஷிகுல்யாவில் ஏறக்குறைய 7 லட்சம் ஆமைகள் முட்டையிட ஏறின என்று செய்தி. மனம் நிறைந்தது. நண்பர் ஒருவர், “அப்போ ஆயிரம் போனால் என்ன?” என்று கேட்டார். அங்கே முட்டையிட்டவை இலங்கைப் பக்கத்துக் கடலுக்குத் திரும்பும் வழி நம் கரைதான், வருகிற வழியும் இதுதான் என்று சொன்னேன். இங்கே கிடந்தவற்றில் எத்தனை ருஷிகுல்யாவுக்குப் போய்க்கொண்டிருந்தவையோ.

*

பங்குனி பிறந்து சில நாள். இரவு ஒன்றே முக்கால்.

மாணவர்களின் இரவு நடையில், கொட்டிவாக்கம் தாண்டி முன்னால் போன பையன் கையைக் காட்டி உட்காரச் சொன்னான். மணலில் டிராக்டர் சக்கரம்போல இரட்டைத் தடம், கடலிலிருந்து மேலே ஏறிப் போயிருந்தது. இறங்கும் தடம் இல்லை. ஆமை இன்னும் மேலேதான் இருக்கிறது. பின்னாலிருந்து ஊர்ந்து போனோம். பின்துடுப்பு இரண்டும் மாறி மாறிக் கைபோல மணலை அள்ளி வெளியே வைத்துக்கொண்டிருந்தன. ஒரு அள்ளல், ஒரு மூச்சு. மூச்சு எனக்குக் கேட்டது. நீளமாக, ஈரமாக, கிழவி மாடி ஏறி நிற்பதுபோல.

கழுத்தைப் பார்த்தேன். மெலிந்து, சுருக்கம் விழுந்து, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

முட்டை 112. மூடிவிட்டு அது இறங்க இருபது நிமிடம் ஆனது. அலை ஓட்டின் மேல் ஏறியதும் ஒரு நொடி நின்று, தலையைத் தூக்கி, மறுபடி ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அது போன திசையில், தொடுவானத்துக்கு இந்தப் பக்கம், நாலு விளக்குகள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் தொடங்கும். பையன் கைபேசியில் நேரத்தையும் முட்டைக் கணக்கையும் குறித்தான். பக்கத்தில் விளக்கு நாலு என்றும் எழுதச் சொன்னேன். எழுதினான்.